ஊருக்குப் போக முடியாத டிசம்பர்: சிங்கப்பூருக்குள்ளேயே எங்கே போகலாம்?

பொங்கோல் வாசகி
17 நவம்பர் 2020

வணக்கம். ஒவ்வொரு டிசம்பரும் கும்பகோணம் போய்விடுவது எங்கள் வழக்கம். மகளுக்குப் பன்னிரண்டு வயது, மகனுக்கு ஒன்பது. விடுமுறை என்றாலே அவர்களுக்குப் பாட்டி வீட்டுத் திண்ணையும் காவிரிப் படித்துறையும்தான். இந்த ஆண்டு கொரோனாவால், எப்படியாவது விமானம் ஏறினாலும், போகவும் வரவும் தனிமைப்படுத்திக்கொள்வதிலேயே விடுமுறை கரைந்துவிடும். தீபாவளியன்று காணொளி அழைப்பில் பாட்டியைப் பார்த்த மகன், அழைப்பு முடிந்த பிறகு ஒரு மணி நேரம் யாரோடும் பேசவில்லை.

கடைத்தொகுதிகளுக்கு அழைத்துப் போய் நாளை ஓட்ட எனக்கு மனமில்லை. தீவுகளுக்கும் காட்டுப் பாதைகளுக்கும் போகலாம் என்கிறார் கணவர். பதினான்கு ஆண்டுகள் இங்கே இருந்தும் செந்தோசாவைத் தவிர வேறு தீவில் நான் கால் வைத்ததில்லை. மாமியாரும் உடன் வருவார். வயது 68, முழங்கால் வலி உண்டு. மொத்தம் ஐந்து பேர், ஆகவே ஐந்து பேர் வரை கூடலாம் என்ற கொரோனா விதிமுறைக்குள்தான் வருகிறோம். எங்கே தொடங்கலாம்?

பிடோக் நடைக்காரர்
17 நவம்பர் 2020

சகோதரி, செயிண்ட் ஜான்ஸ் தீவில் தொடங்குங்கள். உபின் தீவு அழகுதான், மெக்ரிச்சி காடும் அழகுதான். ஆனால் ஊருக்குப் போக முடியாத ஒரு தமிழ்க் குடும்பம் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

1873இல் காலரா பரவியதை அடுத்து, 1874இல் அங்கே தனிமைப்படுத்தும் முகாம் அமைத்தார்கள். அதன்பிறகு பல பத்தாண்டுகள், கப்பலில் வந்தவர்களில் நோய் இருக்குமோ என்று ஐயப்பட்டவர்களை இந்தத் தீவில் நிறுத்திப் பார்த்த பிறகுதான் ஊருக்குள் விட்டார்கள். சீனாவிலிருந்து வந்தவர்கள், மக்கா சென்று திரும்பிய பயணிகள், நம் ஆட்கள், எல்லோரும் அங்கே இருந்திருக்கிறார்கள்.

என் தாத்தா 1936இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர். மேல்தளப் பயணி, பாயும் தகரப்பெட்டியும்தான் உடைமை. சிங்கப்பூர் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் கரையேற விடாமல் அவரை இந்தத் தீவில் இறக்கிவிட்டார்கள். உடுத்தியிருந்ததைக் கூடக் கழற்றி வாங்கி நீராவியில் போட்டுக் கொடுத்தார்களாம். அவருடைய அம்மா தைத்துக் கொடுத்த ஒரே சட்டை. வெளியே வந்தபோது அதன் எலும்புப் பொத்தான்கள் இரண்டு வெடித்திருந்தன. நான் சிறுவனாக இருந்தபோது அந்தச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பொத்தான் இல்லாத இடத்தை விரலால் தடவிக் காட்டுவார். எத்தனை நாள் இருந்தீர்கள் என்று கேட்டால் எண்ணிக்கை சொல்லமாட்டார். "இரவில் ஊர் விளக்கு தெரியும், போக முடியாது" என்பார்.

இவ்வாண்டு ஜூலையில் வேலையிடத்தில் ஒருவருக்குத் தொற்று வந்ததால் பதினான்கு நாள் என் அறைக்குள்ளேயே இருந்தேன். வெளியே வந்ததும் முதல் வேலையாகப் படகேறி அந்தத் தீவுக்குப் போனேன். படகுத்துறையில் நின்று திரும்பிப் பார்த்தால் நகரத்தின் கட்டடங்கள் வரிசையாகத் தெரிகின்றன. அவ்வளவு பக்கம். தாத்தா எண்ணிக்கை சொல்லாததன் காரணம் எனக்கு அங்கேதான் புரிந்தது. பின்னாளில் அதிபரான தேவன் நாயரையும் 1951இல் காலனி அரசு அங்கேதான் தடுத்து வைத்தது. பிள்ளைகளிடம் அதையும் சொல்லுங்கள்.

போகும் வழி: சிவப்பு ரயில் தடத்தின் கடைசி நிலையம் மரினா சவுத் படகுத்துறை. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே படகு. வார நாளில் காலைப் படகைப் பிடியுங்கள். திரும்பும் நேரத்தை முதலிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தீவில் கடை கிடையாது. புளிச்சோறும் தண்ணீரும் கையோடு கொண்டு போங்கள், தண்ணீரை நினைப்பதைவிட ஒரு மடங்கு கூடுதலாக. பெரிய மரங்களின் நிழலில் மாமியார் பாய் விரித்து உட்கார்ந்துகொள்ளலாம். பூனைகள் நிறைய உண்டு, பொட்டலத்தை மூடி வையுங்கள். பிள்ளைகள் பாலம்போன்ற இணைப்புப் பாதையில் நடந்து லாசரஸ் தீவுக்குப் போய்விடலாம். அங்கே பிறை வடிவில் வெண்மணல் கடற்கரை இருக்கிறது. தீவில் சில பகுதிகளை வேலியிட்டு மூடியிருப்பார்கள், உள்ளே நுழைய வேண்டாம்.

இது வடகிழக்குப் பருவமழைக் காலம். பிற்பகலில் வானம் இருண்டால் கடற்கரையில் நிற்காதீர்கள்.

தோ பாயோ ராதை
18 நவம்பர் 2020

அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டு என் அப்பாவை நினைத்துக்கொண்டேன். மாமியாருக்கு முழங்கால் வலி என்பதால் ஒன்று சொல்கிறேன்: அசையும் படகில் ஏறி இறங்கும்போது ஒருவர் முன்னும் ஒருவர் பின்னும் நின்று பிடித்துக்கொள்ள வேண்டும். மெக்ரிச்சியின் தொங்குபாலத்துக்கு அவரை அழைத்துப் போகாதீர்கள். பாலம் 250 மீட்டர்தான். ஆனால் அங்கே போய்ச் சேரவே நெடுந்தூரம் நடக்க வேண்டும், ஒருவழிப் பாதை என்பதால் பாலம் தாண்டிய பிறகு திரும்பவும் முடியாது, படிகள் வேறு. தெலுக் பிளாங்கா காட்டுக்குள் மரக்கிளைகளின் உயரத்தில் போகும் இரும்பு நடைபாதை அவருக்குப் பொருந்தும். சரிவு மெதுவாக ஏறும், படி கிடையாது. அப்படியே ஹென்டர்சன் அலைப்பாலம் வரை போகலாம்.

அப்பா மலாயா ரயில்வேயில் வேலை பார்த்தவர். 2011இல் இந்த வழியே ஓடிய அந்த ரயில் நின்றுபோனது. தண்டவாளம் இருந்த இடம் இப்போது நடைபாதை. காமன்வெல்த் பக்கம் அதில் நடந்தால் முனீஸ்வரன் கோயில் அருகிலேயே இருக்கிறது. ரயில்வேத் தொழிலாளிகள் 1930களில் மரத்தடியில் வைத்துக் கும்பிட்ட சாமி அது. காலையில் நடந்துவிட்டு அங்கே கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

பொங்கோல் வாசகி
29 நவம்பர் 2020

இருவருக்கும் நன்றி. வியாழக்கிழமை செயிண்ட் ஜான்ஸ் போய்வந்தோம். மாமியார் மரத்தடியில் உட்காரவேயில்லை. மெதுவாக நடந்து தண்ணீர் ஓரம் போய், புடவையைக் கணுக்கால் வரை தூக்கிக்கொண்டு நின்றார். அவருடைய பெரியப்பாவும் ரஜூலாவில் வந்தவராம்! இத்தனை ஆண்டு ஒரே வீட்டில் இருந்து எனக்குத் தெரியாது. படகில் திரும்பும் வழியெல்லாம் மகன் அவரிடம் அந்தப் பெரியப்பாவைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தான். வீட்டுக்கு வந்ததும் அவனே கும்பகோணத்துப் பாட்டியை அழைத்து, தான் பார்த்த பூனைகளை எண்ணிச் சொன்னான், பதினொன்று.

அடுத்து உபின் போக நினைக்கிறோம். அங்கே செக் ஜாவா கடற்கரையில் கடல்விண்மீன் பார்க்க வேண்டும் என்கிறாள் மகள். எப்போது போவது?

பிடோக் நடைக்காரர்
29 நவம்பர் 2020

உங்கள் மாமியாரின் பெரியப்பா எந்த ஆண்டு வந்தார் என்று கேட்டுச் சொல்லுங்கள், சகோதரி. அறிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

செக் ஜாவாவுக்கு நாளைவிட நேரம்தான் முக்கியம். அலைப்பட்டியலைப் பார்த்து, நீர்மட்டம் அரை மீட்டருக்குக் கீழே இறங்கும் நேரத்தில் அங்கே இருங்கள். நீர் ஏறியிருந்தால் வெறும் கடல்தான் தெரியும். 2001இல் அந்தக் கரையை மண்கொட்டி மேடாக்கவிருந்தார்கள். மக்கள் திரண்டு போய்ப் பார்த்து எழுதியும் பேசியும் அதைத் தள்ளிவைக்கச் செய்தார்கள். சாங்கி முனையில் படகு, கட்டணத்தைச் சில்லறையாகக் கொண்டு போங்கள். இறங்கியதும் வாடகைச் சைக்கிள் கிடைக்கும்; எடுக்கும் முன் பிரேக்கை இரண்டு முறை அழுத்திப் பாருங்கள், வழியில் இறக்கங்கள் உண்டு. மாமியாருக்கு வேன் பேசிக்கொள்ளலாம். காட்டுப்பன்றி எதிர்ப்பட்டால் நின்றுவிடுங்கள், அது பாட்டுக்குப் போய்விடும்.