டவர் 5 கி.மீ. தள்ளி: கூரை ஆன்டெனா இணைப்பு சரிப்படுமா?

மொட்டைமாடி:
ஃபைபர் வர வாய்ப்பில்லை. 5.8 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் இணைப்பு தருவதாகச் சொல்கிறார்கள். மாடியில் ஏறினால் டவர் உச்சி தெரிகிறது, ஆனால் நடுவில் ஒரு தோப்பு. வீடியோ கால், இரண்டு கேமரா, இவ்வளவுதான் தேவை. போடலாமா?

டெசிபல்:
கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அலை நூல் பிடித்தாற்போல் போவதில்லை, நடுவழியில் பருத்துப் போகும். அந்தப் பருமனுக்கு ஃபிரெனல் மண்டலம் என்று பெயர். 5 கி.மீ. தூரத்துக்கு நடுப்புள்ளியில் ஆரம் சுமார் 8 மீட்டர். அதில் 60 சதவீதமாவது, அதாவது பார்வைக் கோட்டுக்குக் கீழே 5 மீட்டர், காலியாக இருக்க வேண்டும். தோப்பு அதற்குள் நுழைந்தால் இலையுதிர் காலத்தில் ஒழுங்காக ஓடும் இணைப்பு, துளிர்த்ததும் தள்ளாடும். நனைந்த இலை இன்னும் மோசம். பழி மழைமேல் விழும். இந்த அலைவரிசையில் மழைத்துளி பெரிதாக ஒன்றும் செய்யாது. (60 கிகாஹெர்ட்ஸ் என்றால் கதை வேறு.)

உங்கள் கம்பத்தை 4 மீட்டர் உயர்த்தினால் நடுவழியில் கோடு 2 மீட்டர்தான் ஏறும். தோப்பு வீட்டுக்கு அருகில் இருந்தால் பலன் கூடும், டவர் பக்கம் இருந்தால் வீண் செலவு. பொருத்தியதும் சிக்னலைப் பாருங்கள்: -65 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலிமை கூடும்) அல்லது அதைவிட மேல் என்றால் நல்லது. -75க்குக் கீழே போனால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

செம்புக்கம்பி:
கேபிளையும் கவனியுங்கள். வெளிப்புறத்துக்கான கறுப்பு உறை, முழுச் செம்பு. செம்பு பூசிய அலுமினியம் போட்டால் நீண்ட ஓட்டத்தில் மின்னழுத்தம் விழுந்து, கருவி தானாக ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும். சுவரில் நுழையும் முன் கேபிளைத் தாழ வளைத்து விடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டே உள்ளே வரும். கம்பத்துக்கு எர்த், கேபிளுக்கு சர்ஜ் அரெஸ்டர் (திடீரென எகிறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் கருவி). யுபிஎஸ்ஸில் ரவுட்டரை மட்டும் மாட்டி, ஆன்டெனாவுக்கு மின்சாரம் தரும் அடாப்டரை மறந்துவிடுகிறவர்கள் நிறைய.

மொட்டைமாடி:
நன்றி. கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க முடியுமா?

டெசிபல்:
பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபியை (இணைய முகவரியை)ப் பகிர்ந்து தருவது வழக்கம். அப்படியானால் போர்ட் ஃபார்வர்டிங், அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்பை ரவுட்டர் நேராகக் கேமராவுக்குத் திருப்பிவிடுவது, வேலை செய்யாது. தனி ஐபி கேளுங்கள், அல்லது கிளவுட் வழியாகப் பார்க்கும் கேமரா வாங்குங்கள். ஆனால் இரண்டு கேமராவும் தலா 2 எம்பிபிஎஸ் வீதம் இடைவிடாமல் கிளவுடுக்கு அனுப்பினால் ஒரு நாளைக்கு 43 ஜிபி. டேட்டா வரம்பு இருக்கிற திட்டம் தாங்காது. மெமரி கார்டில் பதிந்து, அசைவு தெரியும்போது மட்டும் அனுப்பட்டும்.

வேகச் சோதனையை இரவு 8 முதல் 10க்குள் செய்யச் சொல்லுங்கள். ஒரு டவர் செக்டரை (ஒரு திசையைப் பார்க்கும் டவர் ஆன்டெனாவை) எல்லா வீடும் பங்கு போடும் நேரம் அதுதான். பகல் 11 மணிக்கு எடுத்த எண்ணைக் காட்டினால் நம்பாதீர்கள்.