மண்ணியலையும் வானியலையும் ஒரே எண்ணால் அளக்கலாமா?

கேள்வி (கோத்தகிரி):
சோலைக்காட்டு மண்ணை ஆராயும் எனக்கு எச்-குறியீடு (கட்டுரைகளைப் பிற ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டியதைக் கொண்டு கணக்கிடும் எண்) 9. உதகை ரேடியோ தொலைநோக்கித் தரவுகளைக் கொண்டு எழுதும் நண்பருக்கு 31. தேர்வுக் குழு இவ்விரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது முறையா?

மறுமொழி 1:
முறையன்று. 2005-இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் முன்வைத்த இந்த எண், தலா குறைந்தது 9 மேற்கோள்களேனும் பெற்ற 9 கட்டுரைகள் உங்களிடம் உள்ளன என்று மட்டுமே சொல்கிறது. துறைக்குத் துறை மேற்கோள் வழக்கம் வேறுபடுவதை அவரே குறிப்பிட்டிருக்கிறார்.

மறுமொழி 2:
அதே துறையில் அதே ஆண்டில் வெளிவந்த கட்டுரைகள் பெற்ற மேற்கோள்களின் உலகச் சராசரியை 1 எனக் கொண்டு கணக்கிடும் விகிதத்தைக் குழுவிடம் வலியுறுத்துங்கள். ஐம்பது பேர் சேர்ந்தெழுதிய கட்டுரையின் மேற்கோள்களை ஐம்பதாகப் பங்கிட்டால் நண்பரின் எண்ணும் இறங்கும் (அவர் கோபித்துக்கொள்ளலாம்).

கேட்டவர்:
நீரியலாளரோடு எழுதிய கட்டுரை எந்தத் துறையில் சேரும்?

மறுமொழி 2:
பெரும்பாலும், வெளியிட்ட இதழின் துறையில்தான். இரு துறைகளைச் சேர்ந்த கட்டுரையும் ஒரு துறையின் சராசரியோடுதான் ஒப்பிடப்படும்; கூட்டாய்வுக்கு அங்கேதான் இடறல்.