தாயின் கறவைக் குறிப்பை வைத்துக் கிடேரியின் பாலைக் கணிக்கலாமா?

கேள்வி:
வணக்கம். ஜெர்சி கலப்பினக் கிடேரிக் கன்று ஒன்றை வாங்க எண்ணியுள்ளேன். அதன் தாய் இரண்டாம் ஈற்றில் நாளுக்கு 18 லிட்டர் வரை கறந்ததாக உரிமையாளர் குறிப்பேட்டைக் காட்டினார். தகப்பனைப் பற்றிச் சினை ஊசிச் சீட்டில் காளையின் எண் மட்டுமே உள்ளது. இவற்றை எந்த அளவுக்கு நம்பலாம்?

மறுமொழி 1:
உச்சக் கறவையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள் ஐயா. ஒப்பிடத் தக்கது 305 நாள் கறவைக் காலத்தின் மொத்தப் பால். அதையும் ஈற்று, தீவனம், கன்று ஈன்ற பருவம் ஆகியவற்றோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும். பால் அளவில் மாட்டுக்கு மாடு காணும் வேறுபாட்டில் மரபின் பங்கு பொதுவாக நான்கில் ஒன்றை ஒட்டியே இருப்பதாலும், அதிலும் பாதியே தாயிடமிருந்து கன்றுக்குச் செல்வதாலும், ஒரே கொட்டிலில் ஒரே பராமரிப்பில் உள்ள மற்ற மாடுகளின் சராசரியைவிடத் தாய் ஓர் ஈற்றில் 1000 லிட்டர் கூடுதலாகக் கறந்திருந்தால், கன்றுக்கு எதிர்பார்க்கக்கூடியது சுமார் 125 லிட்டர்தான்.

மறுமொழி 2:
அந்தக் காளை எண்தான் உங்கள் கையில் உள்ள மதிப்புமிக்க தகவல் என்பது என் உறுதியான கருத்து. பல பண்ணைகளில் உள்ள அதன் மகள்களின் கறவையைத் தொகுத்துச் சந்ததிச் சோதனை நடந்திருந்தால், ஒரு தாயின் குறிப்பேட்டைவிட அது நம்பகமானது. உறைவிந்து நிலையத்தில் அந்த விவரத்தைக் கேளுங்கள். ஆயினும் பெற்றோரின் மரபு மதிப்புகளின் சராசரி உடன்பிறந்த கிடேரிகள் அனைத்துக்கும் ஒன்றே. எந்தக் கன்றுக்கு எந்த மரபணுக்கள் வந்தன என்பதை வம்சாவளி காட்டாது. அமெரிக்காவில் 2009 முதல் மரபணுத்தொகைச் சோதனையையும் (கன்றின் டி.என்.ஏ.வையே நேரடியாக ஆராய்வது) மதிப்பீட்டில் சேர்த்திருப்பது இதற்காகவே.

கேட்டவர்:
மிக்க நன்றி. தாயின் காதுவில்லையில் உள்ள 12 இலக்க எண்ணைக் கொண்டு முந்தைய ஈற்றுகளின் பதிவுகளையும் கால்நடை மருந்தகத்தில் விசாரிக்கிறேன்.