முழு மயக்கம் தராம ஹிஸ்டெரோஸ்கோபி: பயத்தை எப்படிச் சமாளிக்கிறது?

நித்திலா:
மாதவிடாய்க்கு நடுவுல ரத்தம் படுறதால ஹிஸ்டெரோஸ்கோபியும் (கருப்பைக்குள்ள கேமரா விட்டுப் பார்க்கிறது) பயாப்ஸியும் (சோதனைக்குக் கொஞ்சம் திசு எடுக்கிறது) எடுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. முழு மயக்கம் கிடையாது, அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாமாம். ஊசியைப் பார்த்தாலே எனக்குத் தலை சுத்தும். எங்கே வலிக்கும், எவ்வளவு நேரம் வலிக்கும்னு மறைக்காம சொல்லுங்க. "ஒண்ணும் ஆகாது, தைரியமா இருங்க" வேண்டாம், அதைக் கேட்டுக் கேட்டுச் சலிச்சுப்போச்சு.

அல்லி:
கேமரா குழாயோட விட்டம் பொதுவா 3லிருந்து 5 மி.மீ. அதைக் கருப்பை வாய் வழியா உள்ளே கொண்டுபோய், சலைன் (உப்புநீர்) விட்டுக் கருப்பையை லேசா விரிச்சுப் பார்ப்பாங்க. ஸ்பெக்குலம் (பிறப்புறுப்பை விரிச்சுப் பிடிக்கிற கருவி) வைக்காமலே செய்யற முறையும் இருக்கு, அதுல அசௌகரியம் குறைவு. அப்படிச் செய்ய முடியுமான்னு முன்னாடியே கேளுங்க.

வலி தெரியற இடம் மூணு. கருப்பை வாயோட உள்பக்கக் குறுகலைக் குழாய் தாண்டும்போது ஒரு சுருக். சலைன் நிறையும்போது மாதவிடாய் வலி மாதிரி இழுக்கும். மூணாவது பயாப்ஸி, அதுதான் பலருக்கு அதிகமா வலிக்கிறது. ஆனா அது பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும். பார்க்கிற வேலைக்குப் பத்து நிமிஷம் முன்னப்பின்ன ஆகும்.

எல்லாருக்கும் லேசாத்தான் இருக்கும்னு சொன்னா அது பொய். சுகப்பிரசவம் ஆகாதவங்க, மாதவிடாய் நின்னவங்க, மாதாமாதம் கடுமையா வலிக்கிறவங்களுக்குக் கூடுதலா வலிக்கலாம். இதுல ஏதாவது பொருந்தினா மரத்துப்போற ஊசியோ, தூக்க மருந்தோ, முழு மயக்கமோ கேட்கலாம். தேதி குறிக்கும்போதே கேட்டுடுங்க, மேஜையில படுத்தப்புறம் கேட்டா ஏற்பாடு செய்ய நேரம் இருக்காது.

ஒரு மணி நேரம் முன்னாடி சாப்பாட்டுக்கு மேல ஐபுப்ரோஃபென் 400 மி.கி. போட்டுக்கறது வழக்கம். அல்சர், சிறுநீரகப் பிரச்சினை, வலி மாத்திரையால மோசமாகிற ஆஸ்துமா இருந்தா அது ஆகாது. அப்போ பாராசிட்டமால் போடலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கிறவங்க அதை முன்கூட்டியே சொல்லிடணும். தூக்க மருந்து இல்லன்னா வெறும் வயிறு தேவையில்ல, தலைசுத்தல்தான் கூடும். தூக்க மருந்து உண்டுன்னா அவங்க சொல்ற பட்டினி நேரத்தை அப்படியே கடைப்பிடிக்கணும்.

மாதவிடாய் முடிஞ்ச உடனே வர்ற நாட்கள்தான் நல்லது, கருப்பையோட உள்சவ்வு மெலிசா இருக்கும், தெளிவாத் தெரியும். அன்னைக்கு ரத்தப்போக்கு அதிகமா இருந்தா போன் பண்ணிக் கேளுங்க. கர்ப்பமா இருக்க வாய்ப்பு இருந்தா கட்டாயம் சொல்லணும், தள்ளிப்போடுவாங்க.

தாழை:
பயத்துக்குப் பெரிய மருந்து, நிறுத்தற உரிமை உங்க கையில இருக்குங்கற உறுதிதான். உள்ளே போனதும் முதல் வேலையா இதைச் சொல்லுங்க: "நான் கையைத் தூக்கினா உடனே நிறுத்தணும். ஒவ்வொண்ணும் செய்யறதுக்கு முன்னாடி எங்கிட்ட சொல்லுங்க." சிலருக்கு விவரம் கேட்டாலே பயம் ஏறும். அவங்க "சொல்ல வேண்டாம், வேற ஏதாவது பேசுங்க"ன்னு கேட்டுக்கலாம். திரையைப் பார்க்கணுமா வேண்டாமாங்கறதும் உங்க இஷ்டம்.

மூச்சை நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்க. குழாய் உள்ளே நுழையற நேரம் மூச்சை விடற நேரமா இருக்கட்டும். பயத்துல மூச்சை அடக்கினா இடுப்புத்தளத் தசை இறுகும், வலி கூடும். தாடையைத் தளர்த்துங்க, கால்விரலை ஆட்டுங்க. இன்னையிலேருந்தே தினம் அஞ்சு நிமிஷம் பழகினாத்தான் அன்னைக்குக் கைகொடுக்கும்.

குறிஞ்சி:
தாழை சொன்னதோட ஒரு திருத்தம். ஊசிக்கு மயங்கறவங்களுக்குத் தளர்வு மட்டும் போதாது. அவங்களுக்கு ரத்த அழுத்தம் சட்டுனு இறங்குறதுதான் சிக்கல், தளரத் தளர அது இன்னும் இறங்கலாம். போதாக்குறைக்குக் கருப்பை வாயைத் தொட்டாலே நரம்பு வழியா இதயத்துடிப்பு குறைஞ்சு மயக்கம் வர்றதும் உண்டு.

காத்திருக்கும்போது ரெண்டு கைமுஷ்டியையும் இறுக்கி, புஜத்தையும் முறுக்குங்க. 10–15 விநாடியில முகம் சூடாகும், அப்போ விட்டுடுங்க. அரை நிமிஷம் கழிச்சு மறுபடி. அஞ்சு தடவை போதும்.

நித்திலா:
நன்றி. ஆனா இறுக்கினா வலி கூடும்னு தாழை சொன்னாங்களே, குழம்புது.

குறிஞ்சி:
கையை மட்டும் இறுக்குங்க. மேஜையில படுத்ததும் தொடை, இடுப்பு, அடிவயிறு எல்லாம் தளர்வா இருக்கணும். காது அடைக்குது, குமட்டுது, குப்புனு வேர்க்குதுன்னா சொல்லிடுங்க, நிறுத்திட்டுக் காலை உயர்த்தி வைப்பாங்க. முடிஞ்சதும் துள்ளி எழுந்திருக்காதீங்க. பத்து நிமிஷம் படுத்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்து, அப்புறம் நில்லுங்க. துணைக்கு ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க, வண்டியை அவங்க ஓட்டட்டும்.

அல்லி:
பேட் எடுத்துட்டுப் போங்க, சலைன் கொஞ்ச நேரம் கசியும். சில நாள் லேசா ரத்தம் படலாம், அது நிக்கறவரை டாம்பன், மென்ஸ்ட்ருவல் கப், உடலுறவு வேண்டாம். மணிக்கொரு பேட் நனையற அளவு ரத்தம், 38 டிகிரி செல்சியஸ் தாண்டின காய்ச்சல், துர்நாற்றம், நாளாக ஆகக் கூடற வலி, இதுல எது வந்தாலும் காத்திருக்காம டாக்டரைப் பாருங்க. ரிப்போர்ட்ல "திசு போதவில்லை"ன்னு வந்தாப் பதறாதீங்க. சவ்வு மெலிசா இருந்தாலும் அப்படி வரும். மறுபடி எடுக்கணுமா இல்லையான்னு கேமராவில பார்த்ததை வச்சு டாக்டர் சொல்லுவாங்க.