அம்மாவுக்கு எண்டோஸ்கோப்பி: அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்

மும்பைத் தமிழ் நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். செம்பூரில் எங்களுடன் வசிக்கும் என் தாயாருக்கு (வயது 67) இரண்டு மாதங்களாக நெஞ்செரிச்சலும், இட்லியை விழுங்கும்போதுகூட நெஞ்சில் அடைப்பது போன்ற உணர்வும் இருப்பதால், வரும் வியாழக்கிழமை காலை எண்டோஸ்கோப்பி செய்ய மருத்துவர் நாள் குறித்திருக்கிறார்.

கேமரா பொருத்திய மெல்லிய குழாயை வாய்வழியே செலுத்தி உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல் ஆகியவற்றைப் பார்ப்பார்கள் என்பதும், அதற்கு வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பதும், பல் செட்டைக் கழற்றிவிட்டு இடப்பக்கமாகப் படுக்க வேண்டும் என்பதும், சதைத்துணுக்கு எடுத்தாலும் வலிக்காது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நேற்றிரவு அம்மா மருந்துச்சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்துவிட்டு, "தொண்டைக்குள்ள குழாய விட்டா மூச்சு நின்னுடாதா?" என்று கேட்டார். குழாய் மூச்சுப்பாதையில் செல்வதில்லை என்று விளக்கியும் அவர் முகம் தெளியவில்லை.

தொண்டையை மரத்துப்போகச் செய்யும் ஸ்பிரே மட்டும் போதுமா, மயக்க ஊசியும் போட்டுக்கொள்வது நல்லதா என்ற முடிவை எங்களிடமே விட்டிருக்கிறார்கள். ஊசி போட்டால் அன்று முழுவதும் உடன் ஒருவர் இருக்க வேண்டும். அதற்காக விடுப்பு எடுத்துவிட்டேன். ஸ்பிரே மட்டும் போட்டுக்கொண்டவர்களுக்குக் குமட்டல் எவ்வளவு இருந்தது, அதை எப்படிச் சமாளித்தீர்கள்? அம்மாவுக்கு இந்தி சரளமாக வராது என்பதால், பரிசோதனை அறைக்குள் உடனிருக்க யாரையேனும் அனுமதித்தார்களா என்பதையும் தெரிவியுங்கள். சர்க்கரை மாத்திரை பற்றி மருத்துவரிடமே கேட்டுக்கொள்கிறேன். வயதானவர்களை அழைத்துச் சென்றவர்கள் எழுதினால், அதை அப்படியே அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன்.