சரளைச் சரிவில் தலைகவிழ்ந்த நீலப்பூ: எந்தச் சிற்றினம்?

கேள்வி:
மதுரை நாகமலை அடிவாரம், மரமில்லாத சரளைச் சரிவு. மழைக்குப் பிறகு முளைத்த செடி, இரண்டு சாண் உயரம். தொட்டால் சொரசொரப்பு. வெளிர்நீலப் பூ தரையைப் பார்த்துத் தொங்குது, வாடும்போது இளஞ்சிவப்பு. கவிழ்தும்பைன்னு சொல்றாங்க. தும்பை வகையா? இல்லை, ட்ரைக்கோடெஸ்மா பேரினத்தில் (நெருங்கிய சிற்றினங்களின் தொகுதி) இண்டிகமா, சைலானிகமா?

பதில் 1:
தும்பை இல்லைங்க. தும்பைக்குத் தண்டு நாலு பட்டை, பூ வெள்ளை, கீழ் உதடு அகலம். இதுல ஐந்து இதழும் சமம், நுனி கூராகி முறுக்கியிருக்கும்.

எந்தச் சிற்றினம்னு தெரியப் புல்லிவட்டத்தை, அதாவது பூவின் அடியில் இருக்கும் பச்சை மடல்களை (புல்லிகளை)ப் பாருங்க. இண்டிகத்தில் ஒவ்வொரு புல்லியின் அடியிலும் இரு பக்கமும் காது மாதிரி கூராக நீண்டு, அம்பு முனை போல இருக்கும். சைலானிகத்தில் இந்தக் காது கிடையாது. பூவைவிடக் காயில்தான் இது பளிச்சுன்னு தெரியும். புல்லி பெருசாகிக் காயை மூடிக்கிட்டு நிக்கும். பூ கவிழ்ந்திருக்குன்னு எல்லாரும் கீழே படுத்து இதழை மட்டும் படம் எடுக்கிறாங்க, காது மறைஞ்சுடுது. மேலிருந்து, காம்பு சேரும் இடத்தை எடுங்க.

இலையும் உதவும். இண்டிகத்தின் மேல் இலைகள் காம்பில்லாமல் தண்டைத் தழுவியிருக்கும். சைலானிகத்தில் இலையடி குறுகிப்போகும். சைலானிகம் ஒரு மீட்டர்வரை வளரும்தான், ஆனா உயரத்தை மட்டும் நம்பாதீங்க. காய்ந்த சரளையில் எதுவும் குட்டையாகிடும்.

பதில் 2:
மகரந்தப்பைகள் நுனி முறுக்கிக் கூம்பாக நிக்கறதை வைத்து முடிவு பண்ணாதீங்க. அது இந்தப் பேரினத்துக்கே பொது. 10 மடங்கு லென்ஸில் தெரியும், அடி குமிழாகப் பருத்த முடியும் இந்த ரெண்டையும் பிரிக்காது.

செடியை அழுத்திக் காய வைக்க மாதிரி எடுத்தா, பூ நிறத்தை அங்கேயே எழுதிடுங்க, காய்ந்தா வெளுத்துடும். ஒரு பூவைப் பிளந்து விரித்து, செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்துங்க. தாளைத் தினமும் மாற்றணும், இல்லேன்னா பூஞ்சை பிடிக்கும். வேரோடு பிடுங்க வேண்டாம், காயுள்ள ஒரு கிளை போதும். ஒருபருவச் செடி, விதை உதிர்ந்தால்தான் அடுத்த மழைக்கு அங்கே செடி.

கேள்வி கேட்டவர்:
காயடியில் காது தெளிவா இருக்கு, இலையும் தண்டைத் தழுவுது. இண்டிகம்தான். வீக்கத்துக்கு அரைத்துப் பற்றுப் போடுவாங்களாமே, உள்ளுக்கும் எடுக்கலாமா?

பதில் 1:
நீங்களா எடுக்காதீங்க. கல்லீரலைக் கெடுக்கும் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் என்ற நச்சுப் பொருட்கள் இந்தப் பேரினத்துச் செடிகளில் உண்டு. கொதிக்க வைத்தால் போயிடும்னு நம்பவும் வேண்டாம்.