மொத்தப் படத்துக்கும் ஆட்டோ கொடுத்து மாட்டியவர்கள் வாங்க

வாசல்கோலம்:
போன தையில் ஒரு கல்யாணம், 1,840 படம். வீட்டில் ஆல்பத்துக்கு அவசரப்படுத்த, நானும் எல்லாவற்றையும் தேர்வு செய்து, மென்பொருளே நிறத்தைத் திருத்திக்கொள்ளும் 'ஆட்டோ'வைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். தனித்தனியாகப் பார்த்தால் எந்தப் படத்திலும் குறை தெரியவில்லை, அதுதான் வினை. ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்த பெண்ணின் அத்தை ஓரிடத்தில் நின்றார், முந்தின பக்கத்துக்குப் போனார், திரும்ப வந்தார், கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, "தம்பி, கூறைப்புடவை நாங்க ஒண்ணுதானே எடுத்தோம்?" என்றார். வாழைமரம் கட்டிய வாசலில் ராணி கலர், மணவறையில் செங்கல், தாலி கட்டும் குளோசப்பில் சாயம் போன சிவப்பு. அசல் அரக்கு எதிலுமே இல்லை. திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். அவர் தன் கண்ணாடியைச் சந்தேகப்பட்டாரே, அதுதான் போகமாட்டேன் என்கிறது.

ஐஎஸ்ஓநூறு:
எனக்கும் ஒரு வளைகாப்பில் இதே கதை, விடுங்கள். ஆனால் தப்பு உங்களுடையது. ஆட்டோ ஒயிட் பேலன்ஸ், அதாவது வெளிச்சத்தின் சாயத்தைக் கழித்து வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் திருத்தம், பெரும்பாலும் படத்தில் இருக்கும் நிறங்களை நடுநிலைக்கு இழுக்கத்தான் பார்க்கும். பச்சை வாழை நிறைந்திருந்தால் மெஜந்தா ஏற்றும், குளோசப் முழுக்கப் புடவை என்றால் சிவப்பை இறக்கும். எல்லாப் படத்துக்கும் ஆட்டோ கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் புதிதாகக் கணக்குப் போடும். ஒரு படத்தைக் கையால் சரிசெய்து அதே எண்களை மற்றவற்றுக்கு லைட்ரூம் மென்பொருளில் சிங்க் செய்வது, அதாவது அப்படியே நகலெடுத்துப் போடுவது, வேறு வேலை. வாசல், மணவறை, பந்தி என்று வெளிச்சம் மாறும் இடமெல்லாம் தனிக்கட்டாகப் பிரித்து, கட்டுக்கு ஒரு படத்தில் மாப்பிள்ளை வேட்டிமேல் டிராப்பரை (நிறத்தைத் தொட்டெடுக்கும் கருவி) வைத்து வெள்ளையைப் பிடித்துக்கொண்டு சிங்க் கொடுங்கள். கேமரா பதப்படுத்தாத ரா ஃபைலில் எடுங்கள், ஜேபெக்கில் ஒயிட் பேலன்ஸ் வெந்த சோறு மாதிரி, திரும்ப அரிசி ஆகாது. மானிட்டரையும் நிறத்தைச் சரியாகக் காட்டும்படி காலிபரேட் செய்யுங்கள். அச்சுக்கு அனுப்பும் முன்னால் லேபிடம் அவர்கள் அச்சின் நிறக்கணக்குக் கோப்பான புரொஃபைலைக் கேட்டு வாங்குங்கள்.

வாசல்கோலம்:
ஆலோசனை யார் கேட்டது? போகட்டும், சொட்டுநீலம் போட்டு வெளுத்த வேட்டியில் டிராப்பரை வைத்துப் பாருங்கள் சார், மணவறையில் அத்தனை பேருக்கும் மஞ்சக்காமாலை வரும். அதற்கென்றே நிறச்சாயம் இல்லாத சாம்பல் அட்டை என்று ஒன்று இருக்கிறது.

மாடிவீடு:
என்னுடையது சின்னது. அப்பாவின் அறுபதாம் கல்யாணம், ஃபிளாஷ் போட்டு எடுத்ததில் பல பேருக்குச் சிவப்புக் கண். மொத்தத்துக்கும் ரெட்-ஐ நீக்கம் ஓடவிட்டேன். ஏழு படத்தில் அம்மாவின் குங்குமப் பொட்டையும் கண் என்று நினைத்துக் கறுப்பாக்கிவிட்டது. அறுபதாம் கல்யாணத்தில். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, பெரியம்மா சொன்னதை இங்கே எழுத முடியாது.

பழையஹார்டுடிஸ்க்:
ரா எடு, அட்டை வை என்று சண்டை போடுகிறீர்கள், எங்களிடம் இருந்தது சாதாரண டிஜிட்டல் கேமரா. 2011 கார்த்திகை தீபம், பாட்டி திண்ணையில் அகல் வரிசை வைக்கிறாள், சுடர் வெளிச்சம் மட்டும் முகத்தில். இருட்டாக இருக்கிறதே என்று 214 படத்தையும் ஏதோ ஒரு இலவச மென்பொருளில் போட்டேன். 'அசலின் மேலேயே சேமி' கட்டத்தில் டிக் இருந்ததைப் பார்க்கவில்லை. கூகுளின் பிகாசா மென்பொருளாக இருந்திருந்தால் அசலை ஒரு மறைவு ஃபோல்டரில் எடுத்து வைத்திருக்கும். முடிந்து திறந்து பார்த்தால் ராத்திரி சாயங்காலம் ஆகியிருக்கிறது, வானம் முழுக்க மணல் தூவின மாதிரி புள்ளி, பாட்டிக்குப் பின்னால் இருட்டு மறைத்து வைத்திருந்த கேஸ் சிலிண்டர் பளிச்சென்று நிற்கிறது. கார்டையும் அழித்தாயிற்று. இதில் கொடுமை, பாட்டிக்கு அந்தப் படம்தான் பிடித்தது. "இப்பத்தான் மூஞ்சி தெரியுது" என்று சட்டம் போட்டு மாட்டச் சொன்னாள். இன்னமும் கூடத்தில் சிலிண்டரோடு தொங்குகிறது.

ஐஎஸ்ஓநூறு:
அந்தக் கார்டில் அப்புறம் எதுவும் எடுக்கவில்லை என்றால் மீட்பு மென்பொருள் போட்டுப் பார்க்கலாம்.

பழையஹார்டுடிஸ்க்:
2011 சார்.